நரிஓடை குடித்த தண்ணீர்

சுக்கான்பட்டி நரிஓடை நடக்க ஆரம்பித்தது ஓர் ஆனி மாத வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில். அன்றைக்கு மழை கிடையாது, அதற்கு முந்தின நாற்பது நாளும் மழை கிடையாது, வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் கிடையாது, மழை பெய்தால் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடுவதும் மழை விட்டால் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதுமாக ஊருக்குக் கிழக்கே எத்தனையோ தலைமுறையாகக் கிடந்த அந்த மஞ்சள் களிமண் பள்ளம், சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் 'தொப்'பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஒரு முழம் முன்னால் வந்தது. சனிக்கிழமையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள், அன்றைக்கும் வந்தது.

ஊர்க்காரர்கள் ஆடிப்போய்விட்டார்கள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. ஏர் ஓட்டினால் கொழுவில் சங்குக்கல் மாட்டுகிற ஊர் அது, கிணறு வெட்டினால் நாலாம் ஆள் ஆழத்தில் சிப்பி சிப்பியாகக் கொட்டுகிற ஊர், கடல் இருக்கிற திசைகூடத் தெரியாத பிள்ளைகள் கல்லாகிப்போன நத்தையை வைத்துப் பாண்டி ஆடுகிற ஊர், அதனால் மண் என்றால் அதற்கு ஒரு புத்தி இருக்கும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மூன்றாம் நாள் வேடிக்கை பார்க்கப் போனார்கள், நான்காம் நாள் ஐஸ் வண்டிக்காரன் அங்கே போய் நின்றான், ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிப்பதை நிறுத்திவிட்டு ஓடைச் சத்தம் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

கிழக்குத் தெருவின் கடைசி வீடு தையல்நாயகியுடையது. புருஷன் இளங்கோவன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான், ஆகவே அந்த வீட்டைக் கட்டியது முழுக்க முழுக்க அவள்தான். பதினோரு வருஷம், கல் கல்லாகச் சுமந்து, சாந்து குழைத்து, ஒரு மழைக்குச் சரிந்த சுவரை மறுபடி எழுப்பி, உள்ளங்கை காய்த்துப்போய்க் கட்டின வீடு. "இந்த வீட்டுக்கு ஒண்ணுன்னா நான் இருக்க மாட்டேன்" என்று அவள் சொன்னால் அதில் ஒரு சொல்கூட மிகை கிடையாது.

ஆறாம் நாள் ஓடையின் தலை அவள் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றபோது, கடவுளே, அவள் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்க்காரி செய்திருப்பாள்? வந்தவர் யாரானாலும் வாங்க என்று கூப்பிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பது சுக்கான்பட்டி வழக்கம், ஃபியூஸைப் பிடுங்க வந்த கரண்டுக்காரனுக்கும் கொடுப்பார்கள், பெண்ணை வேண்டாம் என்று சொல்ல வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் கொடுப்பார்கள். தையல்நாயகி செம்பு நிறைய மொண்டுகொண்டு போனாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், "வாங்க" என்றாள், வெடித்துக் கிடந்த அந்த மண் வாயில் ஊற்றினாள். ஓடை சத்தமில்லாமல் குடித்தது.

அன்றைக்கு உச்சியில் அது நகரவில்லை. ஊரே கைதட்டியது, பஞ்சாயத்துத் தலைவர் நல்லப்பன் "நீ தெய்வம்மா தையல்நாயகி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார், அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் பன்னிரண்டுக்கு 'தொப்'. அதுவரைக்கும் வடக்கே புறம்போக்கைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த ஓடை கழுத்தைத் திருப்பிவிட்டது, அவள் செம்பு கொண்டுவந்த ஒற்றையடித் தடத்திலேயே, அவள் வாசலைப் பார்த்து, உறவு கொண்டாட வருகிற மாதிரி வந்தது. நல்லப்பன் மூங்கில் குச்சியால் அளந்தார். வாசற்படிக்கு நாற்பத்தெட்டு முழம்.

நாற்பத்தெட்டு நாள் என்றால் ஒரு மண்டலம், அதற்குள் தெய்வம் ஏதாவது செய்யும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தண்ணீர்ப் பானையை மூடிப் பூட்டினார்கள். தலைவர் மைக்செட் வைத்து ஆட்டோவில் அறிவிப்புச் செய்தார்: இனிமேல் ஊருக்குள் யாரும் யாருக்கும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, வாசல் தெளிக்கக் கூடாது, கை கழுவின தண்ணீரைக்கூட வெளியே கொட்டக் கூடாது, எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி யார் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்ல முடியாது. தெளிக்காத வாசலில் மாக்கோலம் காற்றில் பறந்தது. விருந்தாளிகள் வந்தார்கள், தொண்டையைத் தடவிக்கொண்டார்கள், கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தலைவருடைய சொந்த மாமியார் பதினாறு மைல் பஸ்ஸில் வந்து வாசலில் நின்று வெறும் வாயோடு திரும்பிப் போனாள், அன்றிலிருந்து தலைவரோடு அவர் பெண்டாட்டி வள்ளியம்மை பேச்சை நிறுத்திவிட்டாள். தாகத்தோடு தாகமாக ஊர் பழகிப்போயிற்று, எதற்குத்தான் மனுஷன் பழக மாட்டான்!

முப்பது முழம் மிச்சம் இருந்தபோது திருச்சியிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு கல்லூரி டீச்சர் சுத்தியலும் நாடாவுமாக வந்து இறங்கினாள், மண்ணு டீச்சர் என்று உடனே பேர் வைத்துவிட்டார்கள். ஓடைச் சுவரில் படிந்திருந்த பட்டை பட்டையான நிறங்களை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்துச்சு. உள்ள வந்து, ரொம்பக் காலம் தங்கி, பின்வாங்கிப் போயிருச்சு. அது விட்டுட்டுப் போன சேறுதான் இந்தக் களிமண். நனைஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும், அதனால மழை இதைச் சுலபமா அறுத்துரும். இப்ப நீங்க மேடுங்கிறதும் பள்ளங்கிறதும் எல்லாம் அப்படித் தண்ணி அறுத்து அறுத்து உண்டானதுதான்."

"பத்துக் கோடி வருஷமா! அப்பப் பட்டா யார் பேர்ல இருந்துச்சு?" என்று நல்லப்பன் கேட்டார், கேலிக்காக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

தையல்நாயகிக்குக் கடலும் வேண்டாம் பட்டாவும் வேண்டாம். "டீச்சரம்மா, இது ஏன் என் வீட்டைப் பார்த்து வருது? அதைச் சொல்லுங்க" என்றாள்.

"ஓடை எப்பவும் தலைப்பக்கமாத்தான் வளரும்மா. தண்ணி எங்கேயிருந்து வருதோ அந்தத் திசையில மண்ணை அறுத்துக்கிட்டே போகும். இவ்வளவு வேகமா போய் நான் பார்த்ததில்லை. ஆனா போற திசை சரிதான்." சொல்லிவிட்டு டீச்சர் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள், கூட்டம் தரையைப் பார்த்தது, ஒருத்தர்கூட அசையவில்லை. அவள் கும்பிட்டுவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். தையல்நாயகிக்கு அந்தச் சொல் மட்டும் மண்டைக்குள்ளேயே நின்றது: தண்ணி எங்கேயிருந்து வருதோ அந்தத் திசையில.

இருபத்தைந்து, இருபது, பதினைந்து. புருஷனுக்குப் போன் போட்டாள், "சாமானை எடுத்து வை, வேற இடம் பார்ப்போம்" என்றான், "சுவரை எடுத்து வைக்க முடியுமாய்யா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். சோறு இறங்கவில்லை. பதினொன்றரை ஆனால் வாசற்படியில் வந்து நின்றாள், 'தொப்' கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் மறுநாளை நினைத்து மறுபடி அடைத்தது.

ஒன்பது முழம் மிச்சம் இருந்த நாளில் அவள் காலையிலிருந்தே ஓடைக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீடு அவள் ஓர்ப்படி ராசாம்பாளுடையது, புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது நடுச்சுவர் ஒரு சாண் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வந்த சண்டையில் இரண்டு பேரும் ஏழு வருஷமாக முகம் பார்த்துக்கொள்வதில்லை. ராசாம்பாள் மகள் குழலி தலைப்பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்று நாலு நாள் ஆகியிருந்தது. குழந்தைத் துணியை வேலியில் உலர்த்த வந்த ராசாம்பாளைப் பார்த்ததும் தையல்நாயகியின் வாயிலிருந்து ஏழு வருஷத்துச் சொல் வந்தது.

"அக்கா."

ராசாம்பாள் திரும்பினாள், துணி கையிலேயே நின்றது.

"நாக்கு மேல்வாய்ல ஒட்டிக்குதுக்கா. கொஞ்சம் தண்ணி குடேன்."

ராசாம்பாள் நாலு பக்கமும் பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே போனாள், முந்தானைக்குள் மறைத்து ஒரு செம்பு கொண்டுவந்தாள். கண் கலங்கியிருந்தது. "குடிடி. எவன் பார்த்தா எனக்கென்ன? காலையிலேர்ந்து வெயில்ல கெடக்குறே, பார்த்துக்கிட்டேதான் இருக்கேன், நீயா ஒரு வார்த்தை கேப்பியான்னு இருந்துச்சு."

"வச்சுட்டுப் போக்கா. மூச்சு வாங்குது, செத்த இருந்து குடிக்கிறேன்."

உள்ளே குழந்தை வீறிட்டது, ராசாம்பாள் ஓடினாள். தையல்நாயகி செம்பை எடுத்தாள். தாகம் என்று சொன்னது பொய் இல்லை, நிஜமாகவே நாக்கு உலர்ந்துதான் கிடந்தது, ஆனால் ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காமல், ராசாம்பாள் வீட்டுத் தண்ணீரை, ராசாம்பாள் கை கொண்டுவந்த தண்ணீரை, அப்படியே ஓடையின் வாயில் கவிழ்த்தாள். பாவி, கை நடுங்கக்கூட இல்லை.

அன்றைக்கு உச்சியில் ஓடை நின்றது. மறுநாள் கழுத்தைத் திருப்பியது. குச்சியால் அளந்தார்கள், ராசாம்பாள் வீட்டுப் பின்கட்டு அறைக்குப் பதினான்கு முழம், தாயும் பிள்ளையும் படுத்திருந்த அறை அதுதான்.

"யார் தண்ணி ஊத்துனது?" என்று நல்லப்பன் ஊரைக் கூட்டி வைத்து உறுமினார். தையல்நாயகி கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்தாள். ராசாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் ஒரு செம்பு வெளிய எடுத்துக்கிட்டு வந்தேன். புள்ளை அழுதுச்சுன்னு ஓடுனதுல சிந்தியிருக்கும்."

"யாருக்கு எடுத்துக்கிட்டு வந்தே?"

"யாருக்கோ. தாகம்னு கேட்டாங்க, கொடுத்தேன். அதைச் சொல்ல மாட்டேன்."

தையல்நாயகியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், தையல்நாயகி வாயைத் திறக்காமல் நின்றாள். ஊர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்தது. பச்சைப் பிள்ளைக்காரியை மூன்று மாதத்துக்கு முன்னால் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது, உள்ளூரிலோ யாரும் ஒரு மூலைகூடத் தர மறுத்துவிட்டார்கள், அந்த வீட்டு ஆளை உள்ளே விட்டால் ஓடையும் பின்னாலேயே வந்துவிடும் என்றார்கள். குழலி சுவர் ஓரத்திலிருந்து வாசல் பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை, பொறுத்துக்கொண்டிருப்பாள் தையல்நாயகி. பொறுக்க முடியாதது வேறு ஒன்று. தினமும் பத்து மணிக்கு ராசாம்பாள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "தையலு, தாகமா இருக்காடி?" என்று மெதுவாகக் கேட்டு, சுவருக்கு மேலே கையை நீட்டி ஒரு செம்பு தருவாள். ஏழு வருஷத்து மிச்சத்தையெல்லாம் தந்து தீர்த்துவிடுகிறவள் போலத் தருவாள். "வீடு போனா போகுதுடி. நீயும் நானும் பேசிக்கிட்டோம்ல, அது போதும்" என்பாள். தையல்நாயகி வாங்கிக் குடிப்பாள், ஒவ்வொரு மடக்கும் நெருஞ்சிமுள்ளாக இறங்கும், "நல்லாருக்குக்கா" என்று சொல்லிச் செம்பைத் திருப்பித் தருவாள். தன் வீட்டுச் சுவரைத் தொட்டால் முன்பு வருகிற சந்தோஷம் இப்போது வரவில்லை. அந்தப் பக்கம் பிள்ளை அழுகிற சத்தம் சுவர் வழியாக உள்ளங்கையில் அதிர்ந்தது.

ஆறு முழம் மிச்சம் இருந்தபோது அவளால் முடியவில்லை. தன் அடுக்களைக்குப் போனாள், தன் பானையில் மொண்டாள், தன் கையால் கொண்டுபோய் ஊற்றினாள். "இங்கே வா. என் வீட்டுக்கு வா. முதல்ல கூப்பிட்டவ நான்தானே?" என்று வாய்விட்டு அழுதாள். ஓடை ஒரு நாள் நின்றது. மறுநாள் உச்சியில் அவள் கண் முன்னால், ஒன்றாக இருந்த தலை இரண்டாகப் பிளந்தது, ஒரு கை ராசாம்பாள் வீட்டுப் பக்கம், ஒரு கை அவள் வீட்டுப் பக்கம், போன தடவை அவள் வீட்டை விட்டுத் திரும்பின ஓடை இந்தத் தடவை தண்ணீர் கொடுத்த இரண்டு வீட்டையும் மறக்காமல் நடந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நல்லப்பன் குச்சியை வைத்து அளந்தார், அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தார். "அரை முழம்தான் வந்திருக்கு. இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை" என்றார்.

மறுநாளும் அரை, அதற்கடுத்த நாளும் அரை. ஆறாக இருந்தது ஐந்தரை, ஐந்து, நாலரை என்று குறைந்துகொண்டே வந்து மூன்று முழத்தில் நின்றபோது, பின்கட்டுச் சுவரில் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு கீறல் ஓடிவிட்டது, அதன் வழியாக வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் தையல்நாயகியின் மண்டையில் அந்தக் கணக்கு உறைத்தது. இரண்டு பேர் கூப்பிட்டால் பாதி. நாலு பேர் கூப்பிட்டால் கால். ஊரில் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் கூப்பிட்டால்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் நின்ற மைக்செட் ஆட்டோவில் ஏறி, டிரைவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். ஊரில் ஒரு வீடு மிச்சமில்லாமல் கேட்டது.

"நான் தையல்நாயகி பேசுறேன். ராசாம்பா அக்கா தண்ணியைச் சிந்தலை. எனக்குத் தாகம்னு கேட்டேன், ஊருக்குப் பயப்படாம கொண்டாந்து கொடுத்தா. நான் குடிக்கலை. என் வீட்டைக் காப்பாத்திக்கிறதுக்காக அதை ஓடையில ஊத்தி, அவ வீட்டுக்குத் திருப்பிவிட்டேன். வேணும்னே செஞ்சேன்." மைக் கொரகொரத்தது, அவள் மூச்சு வாங்குவது தெருவெல்லாம் கேட்டது. "இப்ப ஒரு பச்சைப் புள்ளை தலைக்கு மேல சுவரு நிக்குது. நீங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு செம்பு கொண்டாந்து ஊத்துனா அது இருநூறு பங்காப் பிரிஞ்சு போயிரும், ஆளுக்கு எள்ளளவுதான் வரும். வராம இருக்காது, பொய் சொல்ல மாட்டேன், உங்க வீட்டுக்கும் ஒரு நாள் வரும். ஆனா மெதுவா வரும். இவ்வளவுதான்."

"நீ செஞ்ச அக்கிரமத்துக்கு நாங்க எதுக்குடி ஓடையை வீட்டுக்குக் கூப்பிடணும்?" என்று ஒருத்தன் கத்தினான். ஒரு கிழவர் காறித் துப்பினார். நல்லப்பன் மைக்கைப் பிடுங்கி அணைத்தார். ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள், கதவுகள் சாத்துகிற சத்தம் தெரு நெடுகக் கேட்டது.

பத்து மணிக்கு நடுச்சுவர்ப் பக்கம் யாரும் வரவில்லை.

பதினொன்றரைக்குத் தையல்நாயகி ஓடை பிரிகிற இடத்தில் போய் நின்றாள், அந்தப் பக்கம் ராசாம்பாள் கீறல் விட்ட சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொன்று நாற்பது. தெருவில் காக்கை இல்லை, குருவி இல்லை. பதினொன்று ஐம்பதுக்கு மேற்குத் தெருவில் ஒரு கதவு திறந்தது.

தலைவர் பெண்டாட்டி வள்ளியம்மை இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தாள், பின்னாலேயே நல்லப்பன் "செம்பு போதும்டி, செம்பு போதும்டி" என்று கெஞ்சிக்கொண்டு ஓடிவந்தார். "எங்க அம்மாவைத் தொண்டை வறண்டு அனுப்புன ஆளு நீ. என் வீட்டுத் தண்ணி, நான் ஊத்துறேன்" என்று குடத்தோடு கவிழ்த்தாள். அவள் நிமிர்வதற்குள் அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு, சொம்பு, லோட்டா, பிளாஸ்டிக் மக்கு, பீடிக்கடைக்காரர் சர்பத் கண்ணாடி டம்ளர், காறித் துப்பின கிழவர் நடுங்குகிற கையில் பாதி வழியிலேயே சிந்தி முடித்துவிட்ட ஒரு கிண்ணம். முணுமுணுத்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்தார்கள், அழுதுகொண்டு வந்தவர்களும் உண்டு, இரண்டு மாதமாக யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியாமல் கை நமநமத்துக் கிடந்தவர்கள் ஊற்றி முடித்த பிறகும் நின்று பக்கத்தில் இருந்தவருக்கு மிச்சத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். கடைசியாக ராசாம்பாள் வந்தாள், தன் செம்பைக் கவிழ்த்தாள், போனாள்.

ஓடை குடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு உச்சியில் சத்தம் வரவில்லை. மறுநாள் உச்சியில் வந்தது, ஆனால் பழைய 'தொப்' இல்லை, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கோணி மூட்டையிலிருந்து எள் சரிகிற மாதிரி ஒரு சத்தம். இருநூற்றுப் பன்னிரண்டு விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு வாசலைப் பார்த்து, எள்ளளவு நடந்திருந்தது. நல்லப்பன் குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டார். ராசாம்பாள் வீட்டுக்கு ஒன்றே முக்கால் வருஷம் என்று கணக்கிட்டார்கள், அதற்குள் பின்கட்டை இடித்து முன்பக்கம் கட்டிக்கொள்ளலாம்; தையல்நாயகி வீட்டுக்கு அதைவிடக் கூட இரண்டு வருஷம், மேற்குத் தெருவுக்குப் பேரன் காலம், பள்ளிக்கூடத்துக்கு அதற்கும் மேலே. இன்றைக்கும் கரட்டு மேல் ஏறி நின்று பார்த்தால் தெரியும், மஞ்சளும் சாம்பலுமாக அந்த மண்ணில் விரல் விரலாகப் பள்ளங்கள், நடுவில் கத்தி முனையாக மேடுகள். மண்ணு டீச்சர் மறுபடி வந்து படம் எடுத்துக்கொண்டு போனாள், அவளுக்கு ஏழு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். தையல்நாயகி வீடும் நின்றது, கல் கல்லாக, சுவர் சுவராக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. ஆவணி வெயிலில் ஒரு நாள் பத்து மணிக்கு அவள் நடுச்சுவர்ப் பக்கம் போனாள். அந்தப் பக்கம் ராசாம்பாள் வளையல் சத்தம் கேட்டது, பானையில் செம்பு முட்டுகிற சத்தமும் கேட்டது. தையல்நாயகி சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, தாகமா இருக்கு" என்றாள்.

வளையல் சத்தம் நின்றது. பானையை மூடுகிற சத்தம் கேட்டது.